தப்பாகப் பாடுகிறவள்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அவளை 'ஹாரன் அக்கா' என்றுதான் சொல்வார்கள். நேரில் சொல்லமாட்டார்கள்; ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து "கிளட்ச்" என்று அவள் சொன்னால், பக்கத்து வண்டிக்காரனும் கிளட்சை மிதிப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. ஐம்பதைத் தாண்டிய வயது. கதவில் எழுத்து மங்கிப்போன ஒரு சின்னக் கார், சந்தைக்குப் பின்புறம் ஒற்றை அறை அலுவலகம். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை மிச்சம்.

அப்பேர்ப்பட்ட தொண்டை பாடி யாரும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் அவளுடைய அம்மா.

அம்மா ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். ஆர்மோனியத்தின் முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் வகுப்பே நிமிரும். வருடாவருடம் ஆண்டு விழாவுக்குத் தாமே ஒரு பாட்டுக் கட்டி, நாற்பது பிள்ளைகளை மூன்று வரிசையில் நிறுத்திப் பாடவைப்பார். மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளும் அந்தக் குழுவில் சேர்ந்தாள். அந்த வருஷத்துப் பாட்டு சின்னப் பாட்டுத்தான்.

*ஓடு நீரே ஓடு ஓடு*
*ஓரம் எல்லாம் பாடு பாடு*

கடைசியில் வரும் 'பாடு' மேலே ஏறும். மேல் சட்ஜமத்தைத் தொட்டு நிற்கும். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று கீழே வழுக்கியது. அம்மா ஆர்மோனியத்தை நிறுத்தினார். மறுபடி பாடச் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாயில் கசிவு தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொண்டுபோனார். மூன்றாவது வரிசையில் நின்றார்.

"நீதானா?" என்றார். "உனக்குக் காது கிடையாது. வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது."

மகள் வாயை மட்டும் அசைத்தாள். விழா மேடையிலும் அப்படித்தான். பாட்டு அருமையாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மாவுக்கு அதில் வன்மம் ஒன்றும் கிடையாது. ஓட்டை இருந்தால் அடைக்கவேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் தலை வாரி விட்டார், சோறு போட்டார். ஆனால் அதற்குப் பிறகு மகள் பாடவே இல்லை. தன் பிள்ளையைத் தூங்கவைக்கக்கூட ரேடியோவைத்தான் திருகினாள்.

வீட்டில் காது இருந்தது தம்பிக்கு. அம்மா சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவன் வாங்கிக்கொண்டான். போட்டி போட்டியாகப் போய்ப் பரிசு வாங்கி, கடைசியில் வங்கி அதிகாரியாகி, பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைத்தான். அவளுக்கு அவன்மேல் பொறாமையே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு திரிய அவளுக்கு நேரம் இல்லை.

அம்மாவுக்கு மறதி வந்தது ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து. முதலில் பெயர்கள் போயின. பிறகு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவது. ஒரு காலையில் பால்காரர்கூட வராத நேரத்தில் புடவை கட்டி, பை மாட்டி, பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார். பாதி வழியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் பிடித்து உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்குமேல் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று அக்காவும் தம்பியும் பேசி, மறதி நோயாளிகளுக்கென்று இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள்.

பெட்ரோல் பங்கைத் தாண்டி ஒரு சந்தின் முடிவில் இருந்தது அந்த இல்லம். பூட்டில் எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும். மாடியில் நீளமான கூடம், சுவரோரமாக நாற்காலிகள், துடைத்துத் துடைத்து நிறம் போன தரை, ஃபினாயில் வாடை. கூரையில் ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து காலைமுதல் மாலைவரை புல்லாங்குழலும் தண்ணீர்ச் சத்தமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மனசுக்கு அமைதி என்று அதைப் போட்டிருந்தார்கள். அமைதிக்குக் குறைச்சல் இல்லைதான். நாற்காலி நாற்காலியாகத் தலைகள் தொங்கிக் கிடக்கும். அம்மாவின் தலையும் சில மாதங்களில் தொங்கிவிட்டது. முகவாய் நெஞ்சில் பட, கண் மூடி, கரண்டி வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தார்.

தம்பி முயன்று பார்க்காமல் இல்லை. பழைய பாட்டைக் கேட்டால் இவர்களுக்கு நினைவு திரும்பும் என்று எங்கோ படித்திருந்தான். ஞாயிறுதோறும் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் சொல்லிக்கொடுத்த பாட்டுகளையே பாடினான். அப்படிப் பாடினான் என்றால், வேலைக்காரப் பெண்கள் வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மா தூங்கினார். அவன் ஹெட்போன் வாங்கிவந்து மாட்டினான். ஈயை ஓட்டுவதுபோல் அவர் அதைத் தள்ளிவிட்டார். அந்த ஞாயிறு அவன் கீழே போய்க் காரைக் கிளப்பாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். போய்ப் பேசவில்லை. 

விஷயம் நடந்தது ஒரு சாதாரண நாள் மத்தியானம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அம்மாவுக்கு நகம் வெட்டிவிட வந்திருந்தாள். அன்றைக்கு மின்சாரம் இல்லை. ஸ்பீக்கர் வாயை மூடியிருந்தது. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தவள், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முணுமுணுத்தாள். ஓடு நீரே ஓடு ஓடு. கடைசி 'பாடு' ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல், பழக்கம் விடாமல், பாதியில் வழுக்கியது.

அவள் கையிலிருந்த கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

அம்மாவின் தலை நிமிர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவள் ஒரு வருஷமாகப் பார்க்காத கண்.

"யாரது? யாரு அபசுரம் பாடுறது?"

அவளுக்கு முதலில் வந்தது பயம். ஒன்பது வயதுப் பயம்.

"நான்தான் டீச்சர்" என்றாள். அம்மா என்று கூப்பிடத் தோன்றவில்லை.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "மூணாவது வரிசை. உனக்குக் காது கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது? வாயை மூடு."

கூடத்தில் வேறு சத்தமில்லை. நகவெட்டி அவள் மடியில் கிடந்தது. அவளுக்கே பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

"மாட்டேன் டீச்சர். பாடுவேன்" என்றாள்.

பாடினாள். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. சந்தையைத் தாண்டிக் கேட்கும் அவளுடைய சொந்தக் குரல். மறுபடியும் அதே இடத்தில் வழுக்கியது. அம்மா முதுகை நாற்காலியிலிருந்து பிரித்து நேராக உட்கார்ந்தார். நாற்காலிக் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தானே பாடினார். குரல் கீறிப்போயிருந்தது, மூச்சு பற்றவில்லை, ஆனால் அந்த மேல் சட்ஜமம் ஆணி அடித்தமாதிரி அதன் இடத்தில் போய் நின்றது.

"இது. இது வேணும். நீ எங்க போற?" என்றார். பேசியதில் தொண்டை காய்ந்துவிட்டது போலிருக்கிறது, தண்ணீர் கேட்டார். கரண்டியால் ஊட்டினால் துப்புகிறவர், டம்ளரைத் தன் கையால் வாங்கி முழுசாகக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அடுத்த வகுப்புக்கு அவள் தாமதமாகப் போனாள். கார் ஓட்டப் பழகவந்த அம்மாள், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அழவில்லை, நேராப் பார்த்து ஓட்டுங்க என்றாள்.

அதற்குப்பின் அவள் தினமும் வந்தாள். வந்து, நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு, தப்பாகப் பாடினாள். அம்மா எழுந்திருந்து திட்டினார். தாளம் எங்கே என்றார், தொண்டையா தகரமா என்றார், வீட்டில் யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லையா என்றார். அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். திட்டி முடித்ததும் சரியாகப் பாடிக் காட்டுவார். பாடிக் களைத்ததும் பசிக்கும். தட்டு காலியாகும்.

சத்தம் கேட்டு மற்ற நாற்காலிகளிலும் தலைகள் நிமிர ஆரம்பித்தன. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியம்மா உண்டு. யார் எதைச் சொன்னாலும் "லைன்ல இருங்க" என்பதோடு சரி. அவர் ஒருநாள் நாற்காலியை உரசி உரசி இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கடைசி 'பாடு'வுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் "டிரை பண்றேன், டிரை பண்றேன்" என்பார். இன்னொருவர் லாரி மெக்கானிக். கண்ணில் பட்ட திருகாணி எதையும் விடாமல் கழற்றுகிறவர் என்பதால் அவர் அருகே எதையும் வைக்கமாட்டார்கள். பாட்டு ஆரம்பித்ததும் அவர் காதைச் சாய்த்து, சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தாளம் போட்டார். அவள் தாளம் தவறினால் நிறுத்திவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குது" என்று, எஞ்சின் விட்டு விட்டு ஓடுவதைக் கேட்டவர்போல், கவலையோடு தலையாட்டுவார். பிளக்கை மாற்றிப் பார்க்கச் சொல்லி அவளுக்கு யோசனையும் சொன்னார்.

கூடம் களைகட்டியது. கரண்டிச் சத்தம், திட்டு, ஆளுக்கொரு சுருதியில் நாலைந்து குரல். அதற்குள் தலைமை நர்ஸ் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

போனால், தம்பியும் உட்கார்ந்திருந்தான். இல்லத்தின் நிர்வாகியும் இருந்தார். நர்ஸ் பொல்லாதவர் இல்லை. இருபது பேரை இரண்டு ஆளை வைத்துக்கொண்டு பார்க்கிற, கால் வீங்கிய ஒரு பெண். அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. பாடிவிட்டு அக்கா கிளம்பிவிடுகிறார்; அம்மாவின் கோபம் கிளம்புவதில்லை. சாயங்காலம்வரை வருகிற போகிறவர்களை எல்லாம் வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்துகிறார். நேற்று டம்ளரை எறிந்ததில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நெற்றியில் வீங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பதற்றம் குறைய ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். தம்பி சம்மதம் சொல்லிவிட்டான்.

நிர்வாகி தன் பங்குக்குச் சொன்னார். வேறு குடும்பங்கள் இடம் பார்க்க வருகிறார்கள், இந்தக் கூச்சலைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்.

"உள்ள இருக்கறவங்க உயிரோட இருக்காங்கன்னு நினைப்பாங்க" என்றாள் அவள்.

தம்பி அதுவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, நீ அம்மாவைச் சீண்டுற. அவங்களுக்குக் கோபம் வரணும்னே பண்ற. சின்ன வயசுல அவங்க உன்னைச் சொன்னதுக்கு இப்ப பழி வாங்குற" என்றான்.

 அந்தப் பேச்சு எங்கோ தைத்தது. அம்மா முகம் சிவந்து தட்டும்போது தனக்குள் ஒரு சின்னக் குஷி எழும்புவதை அவள் கவனித்திருந்தாள். இல்லை என்று சாதிக்க அவளால் முடியாது. ஆனால் அந்தக் குஷி மட்டுமே என்று யாராவது சொன்னால் அதையும் அவள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

"கொஞ்சம் பழிதான்னு வெச்சுக்கோ" என்றாள். "அதனால அவங்க சாப்பிடுறாங்க. பேசுறாங்க. பாடுறாங்கடா. நீ பாடினப்ப எல்லாரும் அழுதாங்க, அவங்க தூங்கினாங்க. மாத்திரை கொடுத்தா மறுபடியும் தூங்குவாங்க. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

தம்பி எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டான். சொன்னது அதிகம் என்று அவளுக்கே பட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நர்ஸ்தான் நடுவே வந்தார். அக்கா கொஞ்ச நாள் வராமல் இருக்கட்டும், மாத்திரையும் வேண்டாம், என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றார். அவள் சம்மதித்தாள். கதவருகே போனவள் திரும்பி, மாத்திரை கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் வாசலில் காரை நிறுத்தி நாள் பூராவும் ஹாரன் அடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் செய்யக்கூடியவள் என்று நிர்வாகிக்குப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த நாட்களில் அவளிடம் வண்டி பழகியவர்கள் பாவம். சும்மாவே சத்தம், இப்போது சத்தத்தோடு எரிச்சலும். சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங் பக்கம் எட்டி இவளே ஹாரனை அழுத்துவாள். வீட்டில் கணவர் மருந்துக்கடையிலிருந்து நேரம் கழித்து வர ஆரம்பித்தார்.

போன் வந்தது நர்ஸிடமிருந்து அல்ல, தம்பியிடமிருந்து. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு எடுத்தாள்.  அவன், நீ இங்கே வா என்று மட்டும் சொன்னான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகவில்லை, வா என்றான். அவள் விடவில்லை. பிறகுதான் சொன்னான்.

அம்மா மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஆனால் தூங்கவில்லை. நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டோடு யார் போனாலும், மூணாவது வரிசை எங்கே, இன்னிக்கும் ஆப்சென்ட்டா என்று கேட்கிறார். நர்ஸ் அவனைக் கூப்பிட, அவன் போய் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தோன்றாமல் அந்த ஆண்டு விழாப் பாட்டையே பாடினான். சுத்தமாக, மேல் சட்ஜமம் தொட்டு. அம்மா கடைசிவரை கேட்டார். முதல்முறையாகக் கேட்டார். 

"என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

"'நீ நல்லா பாடுற, உனக்கு என்ன, போய் உக்காரு. அவளைக் கூப்பிடு'ன்னாங்க."

 சொல்லிவிட்டுத் தம்பி சிரித்தான். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு அது. அவள் பழகவந்த ஆளை அப்படியே பயணிகள் பக்கம் மாறி உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனாள். எப்படி ஓட்டக்கூடாது என்று அன்றைக்கு அந்த ஆள் நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பார்.

அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மா, "லீவு லெட்டர் எங்க?" என்றார். கொண்டுவரவில்லை என்றாள். நிற்கவைத்தே பாடச் சொன்னார். அவள் நின்றுகொண்டே தப்பாகப் பாடினாள். அம்மா திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

நர்ஸுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் கூடம் வேண்டாம், சத்தம் பிடிக்காதவர்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்களையும் பார்க்கவேண்டுமே என்றார். அது சரிதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கீழே பின்புறம், துணி உலர்த்தும் அறை மத்தியானத்தில் சும்மா கிடந்தது. போர்வைகளும் தலையணை உறைகளும் கொடிகளில் தொங்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஏழெட்டு நாற்காலி போட்டார்கள். சோப்பு வாசமும் ஈரச் சூடுமாக அந்த அறை ஒரு வகுப்பறையானது. நிர்வாகிக்கு விருப்பமில்லை. நர்ஸ் அவரிடம், இது நான் பார்த்துக்கொள்கிற விஷயம் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கதையை வேலைக்காரப் பெண்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு எறிய ஏதுவாக எதையும் கையில் கொடுக்கக்கூடாது என்று ஏற்பாடு. அவர் கொடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஹேங்கரைத் தானே எடுத்துக்கொண்டார். அதை ஆட்டி ஆரம்பிப்பார், அதைத் தூக்கி நிறுத்துவார். மெக்கானிக்குக்குக் கவிழ்த்துப் போட்ட பக்கெட் ஒன்று கிடைத்தது. அதில் திருகாணி இல்லாததால் எல்லாருக்கும் நிம்மதி. ஆபரேட்டர் பெரியம்மா, கூட்டத்தில் யாராவது அந்த மேல் சட்ஜமத்தைத் தற்செயலாகத் தொட்டுவிட்டால், "கிடைச்சிருச்சு, பேசுங்க" என்று கை காட்டுவார். போர்வை மடிக்க வந்த நர்ஸ் ஒருநாள் சும்மா கூடவே பாட, அம்மா ஹேங்கரை நீட்டி, "நீயும் மூணாவது வரிசைக்குப் போ" என்றார். கால் வீங்கிய அந்தப் பெண் மடித்த போர்வையோடு போய் மூன்றாவது வரிசையில் நின்றார்.

தம்பியும் வந்தான். வந்தால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. சரியாகப் பாடுகிறவனை அம்மா கண்டுகொள்வதே கிடையாது. அக்காவைப்போலத் திட்டு வாங்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஐம்பது வயது வங்கி அதிகாரி, அபசுரம் பாடப் பழகினான். வீட்டில் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்ததாக அவன் மனைவி சொன்னாள். ஆனால் அந்தக் காது அவனை விடவில்லை. வழுக்க நினைத்த இடத்தில் எல்லாம் குரல் தானாகச் சரியான படியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுரத்தைக் கீழே தள்ளினான். அம்மா ஹேங்கரைத் தூக்கினார். அறை நின்றது.

"வேணும்னே பண்ற நீ. கொழுப்பு. வெளிய போய் நில்லு."

அவன் வெளியே போய் நின்றான். வாழ்க்கையில் அம்மாவிடம் அவன் வாங்கிய முதல் தண்டனை. அக்கா எட்டிப் பார்த்தபோது, சுவரில் சாய்ந்து, முழங்கால் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் அன்று காரில் போகும்போது ஒன்றை யோசித்தாள். அவன் வேண்டுமென்றே தப்பியதை அம்மா கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு நாளில் தன்னை ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லையே. அப்படியானால் தான் வேண்டுமென்றே தப்பாகப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம், தன்னால் முடிந்தவரை சரியாகப் பாடியதுதானா? அம்மா சொன்னது உண்மைதான், காது கிடையாது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைக் கண்டு பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. காது இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நோயைக் குணப்படுத்தியது என்று யாரும் சொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நீளநீளமான திட்டுகள் குறைந்து ஒற்றை வார்த்தையாயின. வார்த்தை போய், நாக்கைத் தட்டும் 'த்சு' மட்டும் மிஞ்சியது. ஹேங்கரைப் பிடிக்கமுடியாமல் போனபின், ஆட்காட்டி விரல் மட்டும் நாற்காலிக் கையில் தட்டும். தப்பு வந்தால் நிற்கும். சரியாக அந்த இடத்தில் நிற்கும். வகுப்பு மொத்தமும் அந்த ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டு பாடியது.

ஒரு மத்தியானம் விரலும் அசையவில்லை. அவள் வழக்கம்போல் வழுக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி, இன்னும் மோசமாகப் பாடினாள். மெக்கானிக் பக்கெட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நர்ஸ் வந்து தோளில் கை வைத்தார், போதும் அக்கா என்றார். அவள் கையை விலக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. ஓடு நீரே என்று ஆரம்பத்திலிருந்து எடுத்து, அம்மாவின் அசையாத விரலைப் பிடித்துக்கொண்டு, முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

குளிர் ஆரம்பித்த வாரங்களில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவர்கள் தம்பியைப் பாடச் சொன்னார்கள். பழைய மாணவிகள், தலை நரைத்தவர்கள், கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாடினான், எல்லாரும் அழுதார்கள். அவன் நிறுத்தியதும் அவள் ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. முதல் வரியிலேயே தலைகள் திரும்பின. பின்னால் இருந்த சித்தி அவள் முழங்கையைத் தொட்டு, போதும்டி, எல்லாரும் பாக்கறாங்க என்று காதோடு சொன்னார். அவள் அந்தக் கையை எடுத்துச் சித்தியின் மடியிலேயே வைத்துவிட்டு மேலே பாடினாள். கடைசி 'பாடு' வழக்கம்போல் கீழே விழுந்தது. பழைய மாணவிகள் இரண்டு பேர் தன்னிச்சையாக நிமிர்ந்து உட்கார்ந்ததைத் தம்பி பார்த்தானாம்.

அடுத்த வாரம் இல்லத்திலிருந்து அம்மாவின் பொருட்களை எடுத்துவரப் போனாள். சால்வை, சீப்பு, செருப்பு. பையைக் கொடுத்துவிட்டு நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். இனிமேல் அக்கா சிரமப்பட்டு வரவேண்டாம். அம்மாவே இல்லாதபோது எதற்கு. நாங்களே ஏதாவது பார்த்துக்கொள்கிறோம்.

"நான் அம்மாவுக்காக மட்டும் வரலை சிஸ்டர்" என்றாள். "எனக்குப் பாடப் பிடிச்சிருக்கு. அம்பத்து நாலு வயசுல கண்டுபிடிச்சிருக்கேன். வேற எங்க போய் நான் பாடுறது? மத்த இடத்துல எல்லாம் காது உள்ளவங்கதான் இருக்காங்க."

பையைக் காரில் போட்டுவிட்டு, திரும்ப வந்து, உலர்த்தும் அறையில் போர்வைகளை ஒதுக்க ஆரம்பித்தாள். ஆபரேட்டர் பெரியம்மாவை அழைத்துவந்தார்கள். மெக்கானிக் பக்கெட்டைத் தானே தேடி எடுத்துக்கொண்டார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தையற்காரர், யார் கூட்டம் இது என்று கேட்டுக்கொண்டே கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். திருத்த ஆள் இல்லாமல் பாட்டு இஷ்டத்துக்கு ஓடியது; சந்தின் முனைவரைக்கும் கேட்டதாகப் பெட்ரோல் பங்க்காரர்கள் சொன்னார்கள். நிர்வாகி வாசல்வரை வந்தார், உள்ளே பார்த்தார், போய்விட்டார்.

இப்போது அவள் காரிலும் பாடுகிறாள். பழக வருகிறவர்களுக்கு அது பாடத்தோடு சேர்த்தி. போன மாதம் ஒரு பல் டாக்டர் சேர்ந்தார். நாற்பது வயதுக்குமேல் ஸ்டியரிங்கைத் தொட்ட பயந்த மனிதர். நெரிசலான ஒரு நாற்சந்தியில், நெற்றி வேர்க்க, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் பாடாம இருந்தீங்கன்னா எனக்குக் கவனம் சிதறாது என்றார்.

"ரோட்டுல உங்களுக்குப் பிடிச்ச சத்தம் மட்டும் வராது சார்" என்றாள். "செகண்ட் போடுங்க."

அவர் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.